ஐந்து வாரத்தில் ஓர் உலகம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத்துக்கென்று ஒதுக்கப்பட்ட இந்த வேளையில் கணனி விளையாட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கதையைக் கேட்டோம், பின்னர் படித்தோம், அதன் பின்னர் திரையிலே பார்த்தோம். இப்பொழுது கதைக்குள்ளேயே நடந்து திரிகின்ற ஒரு வடிவமும் நம் பிள்ளைகளின் கைகளுக்கு வந்துவிட்டது. ஒரு சிறிய காடு, காட்டுக்குள் ஒரு வீடு, வீட்டுக்குள் பூட்டிய ஓர் அறை, அந்த அறையின் திறப்பு எங்கேயோ ஒரு மரப்பொந்தில். இவற்றைத் திரையில் அமைத்துவிட்டு ஒருவரை உள்ளே அனுப்பிவிடுகிறோம். அவர் எந்தப் பக்கம் திரும்புவார், எதை முதலில் தொடுவார் என்பது நமது கையில் இல்லை. இத்தகைய ஆக்கத்தைக் கதையுலகு என்று இந்த உரையில் அழைக்க விரும்புகிறேன்.

பெரிய கதையுலகுகளை நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பல வருடங்கள் உழைத்து உருவாக்குகிறார்கள். அவற்றைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. ஒரேயொரு மனிதர், எண்ணிக் கொடுக்கப்பட்ட சில நாட்களுக்குள், தனியாக அமர்ந்து கட்டி முடிக்க வேண்டிய சிற்றுலகு பற்றியே எனது பேச்சு. நாட்கள் போதாதபோது எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது? சிறுகதை எழுதுபவருக்கும், பாடசாலைக் கலைவிழாவுக்கு நாடகம் தயாரிப்பவருக்கும், ஏன், வானொலிக்கு உரை எழுதுபவருக்கும்கூட இந்தக் கேள்வி பொதுவானது. ஆயினும் கதையுலகில் இது மிகக் கூர்மையாக எழுகின்றது. அதற்கான காரணத்தை ஓர் உண்மைச் சம்பவத்தின் மூலம் நோக்குவோம்.

அதற்கு முன்னர், நமது மரபில் இரண்டு விடயங்களை நினைவூட்டிக்கொள்வது பயன்தரும்.

முதலாவது, ஆசுகவி. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவியை நால்வகைப்படுத்தினர் நம் முன்னோர். கொடுத்த பொருளை, கொடுத்த சொல்லை வைத்து அந்தக் கணத்திலேயே பாடுவது ஆசுகவி. காளமேகப் புலவர் எமகண்டம் பாடிய கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தவறினால் உயிரே போகும் என்ற நிபந்தனையோடு பாடியதாக அக்கதை சொல்கிறது. காலக்கெடு என்பதற்கு இதைவிடக் கடுமையான உதாரணம் கிடைக்காது. ஆனால் ஆசுகவிக்கு ஒரு வசதி உண்டு. கேட்பவர்கள் எதிரிலேயே இருக்கிறார்கள். பாட்டு எங்கே விளங்கவில்லை, எங்கே சுவைத்தது என்பதை அவர்களது முகத்திலிருந்து அவர் அப்போதே அறிந்துகொள்கிறார்.

இரண்டாவது, தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்ற பாகுபாடு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் உள்ள மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் எனும் ஒழுக்கங்கள் உரிப்பொருள். செய்யுளிலே முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்து நிற்கும் என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள். நிலமும் பறவையும் இல்லாமல் உரிப்பொருள் மட்டும் கொண்டு ஒரு செய்யுள் நிற்கலாம். உரிப்பொருள் இன்றி ஏனைய இரண்டும் இருந்தால் அது வெறும் வருணனை. கதையுலகு கட்டுபவருக்கும் இதைவிடத் தெளிவான வரைபடம் வேண்டியதில்லை.

இனிச் சம்பவத்துக்கு வருகிறேன்.

1982ஆம் ஆண்டு யூன் மாதம் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.ரி.' திரைப்படம் அமெரிக்காவில் வெளியானது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து பூமியில் தனித்துவிடப்பட்ட ஓர் உயிர், தன் வீட்டோடு தொடர்புகொள்ள ஏங்குகின்ற கதை. படம் பெருவெற்றி பெற்றது. வீடுகளிலே தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டுச் சாதனங்களைத் தயாரித்துக்கொண்டிருந்த அட்டாரி நிறுவனம், அந்தப் படத்தை விளையாட்டாக்கும் உரிமையைப் பெற்றது. இதற்கு 2 கோடி டொலருக்கும் அதிகமாகக் கொடுக்கப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பேச்சுவார்த்தைகள் முடிய யூலை மாத இறுதி ஆகிவிட்டது. நத்தார்ப் பண்டிகைக்குள் கடைகளுக்கு அனுப்ப வேண்டுமானால் செப்ரெம்பர் 1ஆம் திகதிக்குள் ஆட்டம் தயாராக வேண்டும். அதாவது, ஐந்து வாரங்கள் மட்டுமே.

அக்காலத்தில் அத்தகைய ஓர் ஆட்டத்தை உருவாக்க வழக்கமாக ஐந்தாறு மாதங்கள் எடுக்கும். பொறுப்பு ஹவார்ட் ஸ்கொட் வோர்ஷோ என்ற இளைஞரிடம் வந்தது. அவர் இரண்டு ஆட்டங்களை ஏற்கனவே உருவாக்கியவர். முதலாவதான 'யார்ஸ் ரிவெஞ்' இன்றும் அந்தச் சாதனத்தின் மிகச் சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. இரண்டாவது, ஸ்பீல்பேர்க்கின் வேறொரு படத்தைத் தழுவியது. ஐந்து வாரத்தில் முடியுமா என்று கேட்கப்பட்டபோது, முடியும் என்றார். ஓரிரு நாட்களிலேயே திட்டத்தை வகுத்துக்கொண்டு ஸ்பீல்பேர்க்கைச் சந்தித்தார். அப்பொழுது பெரும் புகழ் பெற்றிருந்த 'பக்-மான்' போன்ற ஓர் ஆட்டமாகச் செய்யலாமே என்று இயக்குநர் கேட்டார். வோர்ஷோ அதற்கு இணங்கவில்லை. ஒரு புதிய கதைக்கு ஒரு புதிய உலகு வேண்டும் என்பது அவர் எண்ணம். உருவங்களை வரைவதில் ஜெரோம் டொமுராட் என்ற சக கலைஞர் உதவினார். நிரல் முழுவதையும் எழுதியவர் வோர்ஷோ ஒருவரே. வேலைக்குரிய கருவியை அவரது வீட்டிலும் பொருத்திக் கொடுத்தார்கள். அலுவலகத்திலும் வீட்டிலும் மாறி மாறி வேலை நடந்தது.

அவர் எத்தகைய நிலத்தில் வீடு கட்ட வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சாதனத்தின் தற்காலிக நினைவகம் 128 பைட் மாத்திரமே. ஒரு பைட் என்பது ஏறத்தாழ ஓர் ஆங்கில எழுத்து தங்கும் இடம். நாம் இன்று பயன்படுத்தும் யூனிகோட் முறையில் ஒரு சிறிய திருக்குறள் அதற்குள் மட்டுமட்டாக அடங்கும். இரண்டாவது குறளுக்கு இடமில்லை. நாயகன் எங்கே நிற்கிறான், கையில் என்ன வைத்திருக்கிறான், எத்தனை உயிர் மிச்சம் என்ற எல்லாக் கணக்கையும் அந்த ஒரு குறளளவு இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நிரல், படங்கள், ஓசை எல்லாம் சேர்ந்து கசெற்றில் 8 கிலோபைட். போதாக்குறைக்கு, திரையிலே தெரியும் படத்தை முழுதாக எங்கும் சேமித்து வைக்கவும் வழியில்லை. தொலைக்காட்சியின் ஒளிக்கற்றை ஒவ்வொரு கோடாகக் கீழே இறங்கி வரும்போது, அடுத்த கோட்டில் என்ன வரவேண்டும் என்பதை நிரல் அந்தந்த நொடியில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த நெருக்கடிக்குள் அவர் அமைத்த உலகைப் பாருங்கள். ஆறு திரைகள். ஒன்று காடு, ஒன்று தலைநகர் வாஷிங்டன், ஏனைய நான்கும் பள்ளங்கள் நிறைந்த வெளிகள். ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்கள் போல அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஓர் ஓரத்தைத் தாண்டினால் அடுத்த முகம். பள்ளங்களுக்குள் தொலைபேசியின் மூன்று துண்டுகள் மறைந்து கிடக்கின்றன. அவற்றைத் தேடியெடுத்து, வீட்டுக்குச் செய்தி அனுப்பி, கப்பல் வந்திறங்கும் இடத்தை உரிய நேரத்தில் அடைய வேண்டும். தொடக்கத்தில் ஈ.ரி.க்கு 9999 அளவு சக்தி. அது எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் சக்தி குறைகிறது. வழியில் கிடைக்கும் இனிப்புகள் ஓரளவு கைகொடுக்கும். எலியட் என்ற சிறுவன் வந்து உயிர்ப்பிப்பான். ஓர் அதிகாரி துண்டுகளைப் பறித்துச் செல்வார்; ஒரு விஞ்ஞானி பிடித்துக்கொண்டு போய் ஆய்வகத்தில் விடுவார்.

நிலம் இருக்கிறது, பொழுது இருக்கிறது, கருப்பொருள்களும் இருக்கின்றன. உரிப்பொருளும் இருக்கிறது என்பதுதான் இங்கு கவனிக்க வேண்டியது. நடக்க நடக்கக் கரைந்துபோகும் உயிர், வீடு திரும்பும் ஏக்கம். பிரிவையும் இரக்கத்தையும் ஓர் எண்ணிலே காட்டிவிட்டார் அவர். 128 பைட்டுக்குள் இப்படி ஓர் எண்ணத்தை வைத்தவரைத் திறமையற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. குறித்த நாளில் ஆட்டத்தை முடித்தும் கொடுத்தார்.

1982 டிசெம்பரில் ஆட்டம் கடைகளுக்கு வந்தது. பதினைந்து இலட்சமளவு பிரதிகள் விற்றதாகக் கூறுவர். ஆனால் தயாரிக்கப்பட்டவை 40 இலட்சமளவில் என்றும், பெரும்பகுதி திரும்பி வந்தது என்றும் அதே கணக்குகள் சொல்கின்றன. வாங்கியவர்கள் ஏமாற்றமடைந்தார்கள். காரணம் என்ன? பள்ளங்கள். ஈ.ரி. நடக்கிறது; பள்ளத்தில் விழுகிறது. கழுத்தை நீட்டி மெல்ல மெல்ல மேலே மிதந்து வருகிறது. வெளியே வந்து ஓர் அடி வைத்ததும் மறுபடியும் விழுகிறது. அடுத்த திரைக்குப் போனால், நுழைந்த இடத்திலேயே இன்னொரு பள்ளம். பத்து வயதுப் பிள்ளை நத்தார்ப் பரிசாகக் கிடைத்த ஆட்டத்தில் பத்து நிமிடம் விழுந்தெழுந்துவிட்டு எழுந்து போய்விடுகிறது.

இந்தப் பள்ளத்தின் இரகசியம் சுவையானது. திரையில் நாம் காண்பது சற்றுப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் காட்சி. ஈ.ரி. நிமிர்ந்து நிற்கிறது, அதன் கால்தான் தரையில் படுகிறது. ஆகவே கால் பள்ளத்தில் பட்டால் மட்டுமே விழ வேண்டும் என்று நமது கண் எதிர்பார்க்கிறது. ஆனால் நிரலின் கணக்கு வேறு. உருவத்தின் எந்தப் புள்ளி பள்ளத்தின் மேல் பட்டாலும், அது தலையாக இருந்தாலும் சரி, விழுந்துவிடும். கட்டியவருக்கு இது பிரச்சினையாகத் தெரியாது. நாட்கணக்கில் அதிலேயே உழன்றவருக்கு விரல்கள் தாமாகவே விலகி நடக்கப் பழகியிருக்கும். அந்நியர் ஒருவர் வந்து ஐந்து நிமிடம் நடந்திருந்தால், முதல் நிமிடத்திலேயே கேட்டிருப்பார்: "நான் இன்னும் கிட்டப் போகவே இல்லையே, ஏன் விழுந்தேன்?"

அந்த அந்நியர் வரவில்லை. வருவதற்கு நாள் இருக்கவில்லை. ஐந்து வாரமும் கட்டுவதிலேயே கழிந்தன. கட்டியதை ஆடிப்பார்த்துத் திருத்துகின்ற கடைசிக் கட்டம் முழுவதையும் காலக்கெடு விழுங்கிவிட்டது. பிற்காலத்தில் வோர்ஷோவே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆடுபவரை முயன்று முயன்று சலிக்கச் செய்யலாம், அது ஆட்டத்தின் ஒரு பகுதி. ஆனால் எங்கே இருக்கிறோம், என்ன நடந்தது என்றே தெரியாமல் திகைக்கச் செய்யக்கூடாது என்பது அவருடைய கருத்தின் சாரம். கதை எழுதுகின்ற ஒவ்வொருவரும் மனங்கொள்ளத்தக்க வேறுபாடு இது. வாசகனைக் காக்க வைக்கலாம், அவன் காத்திருப்பான். வழி தவறிவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றினால் புத்தகத்தை மூடிவிடுவான்.

2013ஆம் ஆண்டில் ஓர் ஆர்வலர் அந்தப் பழைய நிரலைத் திறந்து பார்த்து, கால் பட்டால் மட்டும் விழும்படியும் வேறு சில சிறு குறைகள் நீங்கும்படியும் திருத்தி வெளியிட்டார். உலகு அதே உலகு; கதை அதே கதை. சில இடங்களில் மட்டும் சிறு மாற்றங்கள். ஆட்டம் ஆடத்தக்கதாகிவிட்டது. முப்பது வருட இகழ்ச்சிக்கும் நல்ல பெயருக்கும் இடையில் இருந்த தூரம் அவ்வளவுதான் என்பது சிந்திக்க வைக்கிறது அல்லவா?

இகழ்ச்சி என்று சொன்னேன். 1983இல் அமெரிக்க விளையாட்டுச் சாதன வணிகமே சரிந்து வீழ்ந்தது. அட்டாரி பெரும் நட்டமடைந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில், விற்காத கசெற்றுகள் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. அந்தச் சரிவுக்கே ஈ.ரி. ஆட்டம்தான் காரணம் என்று ஒரு கதை பரவியது. உலகின் மிக மோசமான ஆட்டம் என்ற பட்டமும் சூட்டப்பட்டது. உண்மையோ வேறு. அளவுக்கு மீறிய உற்பத்தி, கடைகளை நிரப்பிய தரங்குறைந்த எண்ணற்ற ஆட்டங்கள், மலிவாக வரத்தொடங்கிய வீட்டுக் கணனிகள் எனப் பல காரணங்கள் இருந்தன. ஒரு மனிதரின் ஐந்து வாரத்தால் ஒரு தொழிலே அழிந்துவிடாது. 2014 ஏப்ரலில் அக்குப்பைமேடு தோண்டப்பட்டபோது பல்வேறு ஆட்டங்களின் கசெற்றுகள் வெளிவந்தன, ஈ.ரி. அவற்றுள் ஒன்று மட்டுமே. ஆயினும், காலக்கெடுவைத் தீர்மானித்தவர்களின் பெயர்கள் மறக்கப்பட, அதற்குள் நின்று உழைத்தவரின் பெயரே பழியோடு நிலைத்தது. கலைத்துறையில் மட்டுமல்லாமல் எல்லாத் தொழிலிலும் நாம் காண்கின்ற நியாயக்கேடு இது.

நேயர்களே, இதிலிருந்து காலக்கெடு என்றாலே தீது என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டியதில்லை. வேறு மூன்று ஆக்கங்களைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலாவது, இவ்வகை ஆக்கங்களுக்கெல்லாம் மூத்தது. 1970களின் நடுப்பகுதியில் வில் குரோதர் என்ற அமெரிக்க நிரலாளர், தாம் ஆராய்ந்து திரிந்த கென்டக்கி மாநிலக் குகைகளை அடிப்படையாகக் கொண்டு, வெறும் சொற்களாலான ஒரு குகையுலகைக் கணனியில் அமைத்தார். படம் இல்லை. எங்கே நிற்கிறீர்கள் என்பதை எழுத்தில் சொல்லும். எங்கே போக வேண்டும் என்று நீங்கள் தட்டெழுத வேண்டும். மணமுறிவுக்குப் பின்னர், தமது பெண்பிள்ளைகள் தம்மிடம் வரும்போது விளையாடுவதற்காகவே அதைச் செய்ததாக அவர் கூறியிருக்கிறார். கணனியைப் பற்றி எதுவும் அறியாதவரும் ஆட வேண்டும் என்பதே நோக்கம். அதனால்தான் கட்டளைகள் சாதாரணச் சொற்களில் அமைந்தன. அவருக்குக் காலக்கெடு இருக்கவில்லை. ஆனால் முதல் விருந்தாளி யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1977இல் டொன் வூட்ஸ் அதை விரிவாக்கினார். பின்னர் வந்த ஒரு பரம்பரையே அந்தக் குகையிலிருந்து கிளைத்தது.

இரண்டாவது, நமது ஆசுகவிக்கு மிக நெருங்கிய ஒரு போட்டி. 'லூடும் டாரே' என்று பெயர். இலத்தீன் மொழியில் 'ஆட்டம் கொடுத்தல்' என்று பொருள்படும். 2002இல் தொடங்கப்பட்டது. ஒரு தலைப்பு அறிவிக்கப்படும். தனிநபர் பிரிவில் ஒருவர் தாமாகவே, 48 மணித்தியாலங்களுக்குள், நிரல், படம், இசை எல்லாவற்றையும் புதிதாக ஆக்கி முடிக்க வேண்டும். 2012 ஓகஸ்ட் மாதப் போட்டிக்குத் தலைப்பு 'பரிணாமம்'. பிரான்ஸைச் சேர்ந்த நிக்கொலா கனாஸ் 'எவோலாண்ட்' என்ற ஆக்கத்தோடு முதலிடம் பெற்றார். அதிலே, தொடக்கத்தில் நாயகனால் வலப்பக்கம் மட்டுமே நடக்க முடியும். நடந்து போனால் ஒரு பெட்டகம். திறந்தால் அதற்குள் இருக்கும் பரிசு என்ன தெரியுமா? இடப்பக்கம் நடக்கும் ஆற்றல்! அடுத்தடுத்த பெட்டகங்களில் மேல்கீழ் அசைவும், நிறமும், இசையும் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. விளையாட்டுக் கலையின் வரலாறே கதையாகிவிடுகிறது. 48 மணிநேரத்தில் பெரிய உலகைக் கட்ட முடியாது என்ற இல்லாமையையே கதைப்பொருளாக்கிவிட்டார் ஆசிரியர். உலகைக் காலத்தின் அளவுக்கு வெட்டிக்கொண்டார் என்று சொல்லலாம். மேலும், அந்தப் போட்டியில் ஆக்கத்தைச் சமர்ப்பித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. பங்குபற்றியவர்களே ஒருவர் ஆக்கத்துக்குள் மற்றவர் நுழைந்து நடந்து பார்த்து அபிப்பிராயம் எழுதுவார்கள். அந்த அபிப்பிராயங்களே பலருக்கு அடுத்த படியாக அமைந்தன. எவோலாண்ட் 2013இல் விரிவான ஆட்டமாக வெளிவந்தது.

மூன்றாவது, ஜேசன் ரோரர் 2007இல் ஆக்கிய 'பசேஜ்'. மொன்றியல் நகரில் நடந்த ஒரு காட்சிக்காகச் செய்யப்பட்டது. திரையின் அளவு 100 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். நீண்ட ஒடுங்கிய ஒரு ஜன்னல் போல. ஆட்டம் ஐந்தே நிமிடம். ஓர் இளைஞன் நடக்கிறான். வழியில் ஒரு பெண்ணைச் சந்தித்தால் இருவரும் இணைந்து நடப்பார்கள். இணைந்து நடக்கும்போது தனியாளாக நுழையக்கூடிய ஒடுக்கமான சில வழிகளுக்குள் புக முடியாது. அவற்றின் அப்பால் இருக்கும் பெட்டகங்கள் எட்டாமலே போய்விடும். நடக்க நடக்க முடி நரைக்கிறது, முதுகு வளைகிறது. ஒரு கட்டத்தில் துணைவி இறந்துவிடுகிறாள். அவன் நடை தளர்கிறது. பின்னர் அவனும். யாரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. முப்பது வயதை எட்டியவேளையில் ரோரர் இதை ஆக்கினார். நிலமும் கருவும் மிகச் சொற்பம், உரிப்பொருள் முழுமை. நியூயோர்க்கின் நவீன கலை அரும்பொருளகம் 2012இல் முதன்முதலாகச் சேர்த்த பதினான்கு விளையாட்டு ஆக்கங்களுள் இந்த ஐந்து நிமிட உலகும் ஒன்று.

இப்போது நான்கையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். நான்கிலும் ஏதோ ஒரு வகையில் உரிப்பொருள் இருந்தது. நான்கையும் ஏறத்தாழத் தனியொருவரே கட்டினார். குரோதருக்குத் தமது பிள்ளைகள் இருந்தார்கள். கனாஸுக்குச் சக போட்டியாளர்கள் இருந்தார்கள். ரோரர் அமைத்த உலகிலோ வழிதவறுவதற்கே இடமில்லை. எப்படி நடந்தாலும் கதை நிகழ்ந்துவிடும். வோர்ஷோவின் உலகு இவையனைத்திலும் விரிவானது. வழிதவற நிறைய இடமுள்ளது. அந்த உலகுக்குத்தான் முதல் விருந்தாளி மிகவும் தேவைப்பட்டார். அவருக்கு மட்டும்தான் முதல் விருந்தாளியாக, பணம் கொடுத்து வாங்கிய இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் வாசலில் வந்து நின்றார்கள்.

ஆகவே நான் சொல்ல விரும்புவது ஒன்றே. தனியாகக் கட்டுகின்ற சிற்றுலகில், காலக்கெடு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். முதல் விருந்தாளிக்குரிய நாளை மட்டும் அதற்குக் கொடுத்துவிடக்கூடாது. ஆறு திரை முடியாவிட்டால் மூன்று போதும். இரண்டு பகைவர் முடியாவிட்டால் ஒருவர் போதும். இசை இல்லாவிட்டால் மௌனம். இவற்றுள் எதை வெட்டினாலும் விருந்தாளிக்கு அது தெரியப்போவதில்லை. இல்லாத அறையை யாரும் தேட மாட்டார்கள். ஆனால் இருக்கின்ற அறையின் கதவு திறக்கவில்லையென்றால், அதை எல்லாரும் அறிவார்கள்.

இதை நடைமுறையில் செய்வது எப்படி? எங்கள் இளைஞர்கள் சிலராவது இதில் இறங்குவார்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். பன்னிரண்டு நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள், உரிப்பொருளை ஒரு வசனத்தில் எழுதுங்கள்: உள்ளே வருபவர் எந்த உணர்வோடு வெளியே போக வேண்டும்? அந்த வசனத்தோடு சேராத எந்த மரத்தையும் நட வேண்டாம். மூன்றாம் நாள் முடிவதற்குள், எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும், தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடந்து போகக்கூடிய ஓர் ஒற்றையடிப்பாதை இருக்க வேண்டும். எட்டாம் நாளோடு புதிதாகக் கட்டுவதை நிறுத்துங்கள். மிகுதி நான்கு நாளும் விருந்தாளிகளுக்கு. தம்பியோ தங்கையோ, பக்கத்து வீட்டு மாமியோ, யாராக இருந்தாலும் சரி. கணனி பழகாதவர் என்றால் இன்னும் நல்லது.

அவர்களை அமர்த்திவிட்டு நீங்கள் பின்னால் நின்று வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் மிகக் கடினமான வேலை. "அங்கே போகாதே, இங்கே வா" என்று நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடும். நாளைக்கு உங்கள் உலகு வேறோர் ஊருக்குப் போகும்போது நீங்கள் கூடவே போய் அருகில் நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவர் எங்கே தயங்கினார், எங்கே ஒரே இடத்தை மூன்று முறை சுற்றினார், எங்கே முகம் மலர்ந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆசுகவிக்குச் சபை செய்த உதவியை இவர்கள் உங்களுக்குச் செய்வார்கள். திருத்த வேண்டிய இடம் பெரும்பாலும் ஒரு வரியாகவே இருக்கும். ஆனால் எந்த வரி என்பதை நீங்களாகக் கண்டுபிடிக்க முடியாது.

கருவிகளுக்கும் இன்று குறைவில்லை. கிறிஸ் கிளைமாஸ் 2009இல் வெளியிட்ட 'ட்வைன்' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, நிரல் எழுதத் தெரியாதவர்களும் கிளைவிரியும் கதைகளை ஆக்க முடிகிறது. எழுத்தால் ஆன உலகு என்பதால் தமிழிலேயே எழுதலாம். 128 பைட் என்ற கட்டுப்பாடு இன்று எவருக்கும் இல்லை. ஆனால் நாட்களின் எண்ணிக்கை மட்டும் அன்றுபோல் இன்றும் குறைவாகவே இருக்கிறது.

வோர்ஷோ பின்னர் அந்தத் தொழிலை விட்டு விலகினார். வேறு பல வேலைகளுக்குப் பின்னர் உளநல ஆற்றுகையாளராகப் பயிற்சி பெற்று, கணனித் தொழிலின் தலைநகரெனக் கருதப்படும் கலிபோர்னியப் பகுதியில், அத்துறையின் நெருக்கடிகளுக்குள் உழல்பவர்களுக்கு ஆலோசனை வழங்கி வந்திருக்கிறார். ஒருவர் எதிரே அமர்ந்து, அவர் எங்கே திகைத்து நிற்கிறார் என்று பொறுமையோடு கேட்டறிவதே அத்தொழில். குப்பைமேட்டிலிருந்து எடுக்கப்பட்ட ஈ.ரி. கசெற்றுகளில் ஒன்று வாஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அரும்பொருளகத்துக்குச் சென்றிருக்கிறது. அதன் எட்டுக் கிலோபைட்டுக்குள் அந்தச் சிறிய உயிர் இன்னமும் மூன்று துண்டுகளைத் தேடி நடந்துகொண்டுதான் இருக்கிறது.